சாய்த்து வைத்த பாட்டு

பஸ்ஸில் எனக்கு முன்னால் ஏறி, கைக்குட்டை போட்டு இடம் பிடித்து வைக்கும் என் குமுதாவுக்கு,

இந்தத் தடவையும் முந்திக்கொண்டாய். அங்கேயும் எனக்கு ஓர் இடம் போட்டு வைத்திருப்பாய், தெரியும். நான் உடனே வருவதாக இல்லை. கடையில் வேலை தலைக்கு மேல் கிடக்கிறது.

முதலில் ஒரு கோள் சொல்லிவிடுகிறேன். நீ போன அன்று தெருமுனையில் உனக்கு ஒரு ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். நம் கடைக்குப் பக்கத்துக் கடைக்காரர்கள் அன்பாக வைத்ததுதான். ஆள் உயரத்துக்குக் 'கண்ணீர் அஞ்சலி' என்று போட்டிருந்தது. நேராக நிற்கிற எழுத்தைக் கம்ப்யூட்டரில் பட்டனை அமுக்கிச் சாய்ப்பார்களே, உனக்கு ஆகவே ஆகாத அந்தப் போலிச் சாய்வு. கீழே உன் பெயரும் அதே லட்சணத்தில். வீட்டில் எல்லாரும் அழுதபோது மரமாக நின்றவள், அதைப் பார்த்த பிறகுதான் அழுதேன். "ஐயோ, குமுதா பாத்தா சண்டைக்குப் போவாளே" என்று சொல்லிச் சொல்லி அழுதேன். உன் அண்ணா பயந்துபோய் எனக்கு சோடா வாங்க ஓடினார்.

அது போன மழைக்காலம். இப்போது அடுத்த மழை வரப்போகிறது. நான் எழுத உட்கார்ந்தது வேறொரு விஷயத்துக்காக. நீ செய்த ஒரு தப்பு வெளியே வந்துவிட்டது. தப்புதானா என்பதே எனக்கு இன்னும் நிச்சயமில்லை. உன்னைக் கேட்க முடியாமல் நானாக ஒரு முடிவெடுத்தேன். அதை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

உனக்குத் தெரிந்த கதையையே, பக்கத்தில் நின்று படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன். கோபித்துக்கொள்ளாதே. நீ எனக்கு நாத்தனார், நான் உனக்கு மன்னி. நீ பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்ததிலிருந்து ஸ்ரீரங்கத்தில் ஒரே வீட்டில் இருந்தோம், திருச்சி தெப்பக்குளத்தில் ஒரே கடையை நடத்தினோம். கல்யாணப் பத்திரிகை, பிட் நோட்டீஸ், ஸ்வீட் பெட்டி, எதுவானாலும் டைப் அடித்துப் பக்கம் அமைத்துக் கொடுக்கிற டிடிபி கடை. வருகிறவர்களிடம் பேசுவது நான். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எழுத்தோடு மல்லுக்கட்டுவது நீ. நாத்தனாரும் மன்னியும் இவ்வளவு ஒட்டுதலா என்று உத்தர வீதியில் கண் போட்டவர்கள் உண்டு. நம் சண்டைகள் எல்லாம் கடையில்தான் நடந்தன, அது அவர்களுக்கு எங்கே தெரியும்?

அந்தச் சண்டைகளில் பாதி, தடித்துச் சாய்ந்த எழுத்தைப் பற்றி. வருகிறவர்கள் எல்லாரும் அதையே கேட்பார்கள். நீ எல்லாரிடமும் மாட்டேன் என்பாய். காந்தி மார்க்கெட் வெங்காய மண்டிக்காரர் ஞாபகம் இருக்கிறதா? பில் புத்தகம் அடிக்க வந்தாரே.

"எல்லாத்தையும் அந்தச் சாஞ்ச மொத்த எழுத்துலயே போட்டுருங்கம்மா. அதுதான் கெத்தா இருக்கு."

"எல்லாத்தையும் போட்டா எதுவும் தெரியாதுங்க. உங்க மண்டில எல்லாரும் ஒரே நேரத்துல கத்தினா யாருக்குக் காது கேக்கும்?"

"எங்க மண்டில அப்படித்தாம்மா கத்துவாங்க. எல்லாருக்கும் நல்லாவே கேக்கும்."

நான் சிரிப்பை அடக்க வெளியே போய்விட்டேன். நீ சிரிக்கவில்லை. மண்டியின் பெயரை மட்டும் அந்த எழுத்தில் போட்டு, மற்றதையெல்லாம் நேராக நிறுத்தி, "இப்ப பாருங்க" என்று திரையைத் திருப்பிக் காட்டினாய். அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். "பேரு மட்டும் நம்மளப் பாத்து நடந்து வருதும்மா" என்றார். இன்றைக்கும் அதே பில் புத்தகத்தைத்தான் அடித்துக்கொண்டு போகிறார். உன்னைக் கேட்டார். சொன்னேன். புத்தகத்தில் மண்டியின் பெயரை விரலால் ஒரு தடவை தடவிவிட்டுப் போனார்.

அவர் சொன்னது சரிதான். வெறுமனே தடித்த எழுத்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கும். வெறுமனே சாய்ந்த எழுத்து காதருகில் வந்து மெதுவாகப் பேசும். இரண்டும் சேர்ந்தது, ஏதோ சொல்லியே ஆகவேண்டும் என்று விறுவிறுவென்று எதிரே வருகிற ஆள். அதற்கு முனைகளில் குட்டிப் பாதமும் இருந்துவிட்டால், தொழிலில் செரிஃப் என்கிறோமே, அதுவும் இருந்துவிட்டால் காலடி வைப்பதே தெரியும். அந்த ஆளை வீட்டுக்கு அழைக்கலாம், குடிவைக்க முடியாது. ஒரு பக்கத்தில் ஒரு தடவை வந்து, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுப் போய்விட வேண்டும். இதையெல்லாம் நீ விளக்கியபோது நான் உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தோளில் பையும் முன்னால் சாய்ந்த நடையுமாகச் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போவாயே. அந்த எழுத்துக்கு உன் பெயரையே வைத்திருக்கலாம்.

அப்படிப்பட்ட நீ, நீயாகவே அந்த எழுத்தைத் தேடிப் போனது ஒரே ஒரு வேலைக்கு. ஜெயா மாமியின் புத்தகம்.

ஜெயா மாமி பேங்க்கில் ஆபீசராக இருந்து ரிட்டயர் ஆனவர். சனிக்கிழமை சாயங்காலம் அவர் வீட்டுக் கூடத்தில் தெருப்பெண்கள் கூடி ஆழ்வார் பாசுரங்களைச் சேர்ந்து சொல்வார்கள், சேவிப்பது என்போமே, அது. எல்லாரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு படிக்க ஆரம்பித்தவர்கள். வாய்ப்பாடம் கிடையாது, புத்தகம் இல்லாமல் முடியாது. கண்ணும் பழைய கண். பெரிய எழுத்தில் ஒரு புத்தகம் போட்டுக் கொடு என்று கேட்டார்கள். அதில் ஒரு சிக்கல் இருந்தது. சில பாசுரங்களை இரண்டு தடவை சேவிப்பது சம்பிரதாயம். மற்றப் புத்தகங்களில் அதற்கு ஓரத்தில் ஒரு நட்சத்திரம் போட்டிருப்பார்கள். இவர்களுக்கு அந்த நட்சத்திரம் தெரியவில்லை. பாதிப் பேர் அடுத்த பாட்டுக்குப் போய்விட, பாதிப் பேர் திரும்பச் சொல்ல, ஒவ்வொரு சனிக்கிழமையும் கூடத்தில் குழப்பம்.

நீ ஒரு வாரம் சாப்பாட்டிலும் நாட்டமில்லாமல் அதையே யோசித்தாய். தடித்த எழுத்தில் போட்டால் தலைப்பு என்று நினைத்துக்கொள்வார்கள். மெல்லிய சாய்வெழுத்து அவர்கள் கண்ணுக்கு மயிரிழை. பாதமில்லாத எழுத்தைப் போட்டுப் பார்த்து, "பஸ் டிக்கெட் மாதிரி இருக்கு, பெருமாள் கோச்சுப்பார்" என்று நீயே அழித்தாய். கடைசியில் ஒரு பாசுரத்தைத் தடித்துச் சாய்ந்த எழுத்தில் போட்டு என்னைக் கூப்பிட்டாய்.

"பட்டன்லயே சாச்சுடலாமே குமுதா, சீக்கிரம் முடிஞ்சுடும்."

"அது யாரோ பின்னாலேந்து தள்ளிவிட்ட எழுத்து, மன்னி. வட்டமெல்லாம் நசுங்கி, இப்ப விழப்போறேன்னு நிக்கும். சாய்வாவே வரைஞ்ச எழுத்துன்னா அது தானா நடக்கும். வயசானவா படிக்கப் போறா. தடுக்கி விழாம இருக்க வேண்டாமா?"

அந்த அமைப்புக்குக் கம்ப்யூட்டரில் 'ரெண்டு' என்று பெயர் வைத்தாய். பாட்டைத் தேர்ந்தெடுத்து 'ரெண்டு' என்பதை அமுக்கினால் அது எழுந்து நடக்க ஆரம்பித்துவிடும். ஒரு பக்கம் மாதிரி அடித்து ஜெயா மாமியிடம் காட்டினோம். மாமி கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்து, "கண்ணாடி இல்லாமலே தெரியறதுடி!" என்று கூவினார். நீ அன்றைக்குக் காவிரிப் பாலம் தாண்டும்வரை பஸ்ஸில் எனக்குக்கூடக் கேட்காதபடி என்னமோ பாடிக்கொண்டே வந்தாய். அப்போதே உனக்கு உடம்பு முடியாமல் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரிக்கும் கடைக்குமாக அலைந்துகொண்டேதான் அந்தப் புத்தகத்தை முடித்தாய்.

புத்தகம் வந்தது. கூடத்தில் குழப்பம் ஓய்ந்தது. எழுத்து சாய்ந்தால் இரண்டு தடவை, நிமிர்ந்தால் ஒரு தடவை. யாருக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. நீயும் முடிந்த சனிக்கிழமைகளில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அவர்களோடு சேவித்தாய். பிறகு அந்த இடம் காலியானது. அவர்கள் சேவிப்பதை நிறுத்தவில்லை.

இந்த ஆனி மாசம் வெளியூரிலிருந்து ஒரு ஸ்வாமி வந்திருந்தார். சின்ன வயசிலிருந்து எல்லாம் வாய்ப்பாடமாகச் சொல்லி வளர்ந்தவர். ஆசையாகக் கூடத்தில் வந்து உட்கார்ந்து கேட்டார். ஒரு பதிகத்தில் கடைசிக்கு முந்தின பாட்டை எல்லாரும் ஒரே குரலில் இரண்டாவது தடவை எடுத்ததும் நிமிர்ந்து பார்த்தார். முடிந்த பிறகு மரியாதையாகத்தான் கேட்டார்.

"கடைசிப் பாட்டு ரெண்டு தடவை, சரி. இதை எங்கேயும் ரெண்டு தடவை சேவிக்கிற வழக்கமில்லையே. யார் சொல்லிக்கொடுத்தா?"

எல்லாரும் புத்தகத்தைக் காட்டினார்கள்.

திங்கட்கிழமை காலையில் கடை திறக்கும்போதே ஜெயா மாமி வாசலில் நின்றிருந்தார். ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருக்கிறார். மஞ்சள் பைக்குள்ளிருந்து புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்தார்.

"மைதிலி, இது குமுதா தப்பா போட்டுட்டாளாடி?"

வேறு புத்தகங்களை எடுத்து ஒப்பிட்டேன். ஆமாம், தப்புதான். கடைசிப் பாட்டோடு அதற்கு முந்தினதும் சேர்ந்து 'ரெண்டு' ஆகியிருந்தது. தேர்ந்தெடுக்கும்போது கை ஒரு பாட்டு மேலே போயிருக்கலாம். புரூஃப் பார்த்தவர்களும் சொல்லில் பிழை இருக்கிறதா என்றுதான் பார்த்தார்கள். எழுத்தின் சாய்வை யார் பார்க்கிறார்கள்?

"ரெண்டாம் பதிப்பு போடணும்டி. பக்கத்துத் தெருவுலயும் கேக்கறா. அதுல இத நிமிர்த்திடு" என்றார் மாமி. சொல்லிவிட்டு மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

அவர் போன பிறகு உன் கோப்பைத் திறந்தேன். உன் நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டேதான் திறந்தேன். அந்தப் பாட்டை முதல் அடியிலிருந்து வாய்விட்டுப் படித்தேன். குமுதா, நீ தளிகை பண்ணும்போது முணுமுணுக்கிற பாட்டு அல்லவா அது! அரிசி களையும்போது ஆரம்பித்து, குக்கர் கத்துகிறவரைக்கும் திரும்பத் திரும்ப அதையே சொல்லுவாயே. கை தவறிப் போய்விட்டதா, இல்லை வேண்டுமென்றே செய்தாயா? கூடத்தில் அவர்களோடு உட்கார்ந்து நீயும்தானே இரண்டு தடவை சொன்னாய். உனக்குமா தெரியாமல் போனது? தெரிந்துதான் பேசாமல் இருந்தாயா? கோப்பில் 'ரெண்டு' என்றுதான் இருக்கிறது, வேறொன்றும் இல்லை. தவறினதும் ஆசைப்பட்டதும் கம்ப்யூட்டரில் ஒரே மாதிரிதான் பதிவாகிறது.

வீட்டில் சொன்னேன். உன் அண்ணா தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்தார்.

"என் தங்கை வெச்சது. இருந்துட்டுப் போகட்டும். ரெண்டு தடவ கேட்டா பெருமாளுக்குக் காது வலிக்கப் போறதா?"

"சம்பிரதாயம்னு ஒண்ணு இருக்கே."

"சம்பிரதாயத்துக்கு ஆயிரம் பேர் இருக்கா. அவளுக்கு இந்த ஒரு பாட்டுதான் இருக்கு."

அந்த மனுஷன் நீ போனதிலிருந்து உன்னைப் பற்றி இவ்வளவு நீளமாகப் பேசினதே இல்லை. மறுநாள் பாலக்கரை அச்சகத்திலிருந்து காதர் பாய் போன் பண்ணினார். உன்னோடு எத்தனை சண்டை போட்ட மனிதர்.

"அக்கா, பேப்பர் வந்துருச்சு. ஃபைல் எப்ப அனுப்புவீங்க? அந்தப் பாட்ட நிமித்துறீங்களா, அப்படியே விடுறீங்களா? ஜெயா மாமி சொன்னாங்க. எனக்கு எதுவா இருந்தாலும் சரிதான். ஆனா ஒண்ணு சொல்றேன், குமுதாக்கா இருந்தா என்னை மிஷின நிறுத்தச் சொல்லியிருக்கும்."

அதுதான் என்னை உலுக்கியது. ஒரு கல்யாணப் பத்திரிகை பாதி அடித்த பிறகு, 'நல்வரவை நாடும்' என்ற ஒரு வரி மட்டும் போலிச் சாய்வில் போயிருக்கிறது என்று கண்டுபிடித்து, காதர் பாயின் மிஷினை நிறுத்தினவள் நீ. பெண் வீட்டுக்காரர்கள் பரவாயில்லை என்றார்கள். நானும் பரவாயில்லை என்றேன். "உங்களுக்குப் பரவாயில்லை. எழுத்துக்கு?" என்று கேட்டாய். அப்படிப்பட்டவளை ஒரு தப்பின் வடிவத்தில் நான் எப்படி நிறுத்தி வைப்பேன்? அந்தப் புத்தகத்தில் சாய்வு என்பது அலங்காரம் இல்லை, வாய்க்குச் சொல்கிற உத்தரவு. என் பிரியத்துக்காக ஊரார் வாய்க்கு ஒரு உத்தரவு போட எனக்கு என்ன உரிமை இருக்கிறது? உன் அண்ணா சொன்னதும் பொய்யில்லை. இந்தப் பக்கம் நீயே சண்டைக்கு நிற்கிறாய், அந்தப் பக்கம் உன் ஞாபகம் கையைப் பிடிக்கிறது. இரண்டுக்கும் நடுவில் நான் தனியாக நின்றேன், குமுதா. எனக்கு உன்மேல் கோபம்கூட வந்தது.

அன்று மத்தியானம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, இந்தத் தடவை உன் நாற்காலியிலேயே உட்கார்ந்தேன். பாட்டைத் தேர்ந்தெடுத்து நேரெழுத்துக்கு மாற்றினேன். நடந்துகொண்டிருந்த எழுத்தெல்லாம் ஒரே நொடியில் நின்றுவிட்டது. பருமன் குறைந்ததில் பாட்டு ஒரு வரி சுருங்கி, பக்கத்தின் அடியில் ஒரு வரிக்கு இடம் காலியாகிவிட்டது. நீயாக இருந்தால் இடைவெளியைச் சரிபண்ணி அதை மூடியிருப்பாய். எனக்கு மூட மனசு வரவில்லை. அப்படியே அனுப்பிவிட்டேன்.

போன சனிக்கிழமை புதுப் புத்தகங்கள் வந்தன. கட்டைத் தூக்க ஆள் வேண்டும் என்று சொல்லி உன் அண்ணாவையும் இழுத்துக்கொண்டு போனேன். வழியெல்லாம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே வந்தார். கூடத்தில் கடைசியில், நீ சாய்ந்து உட்காருவாயே அந்தச் சுவரோரமாக உட்கார்ந்தோம். பசை வாசனையும் சுண்டல் வாசனையுமாக இருந்தது. எல்லாரும் புதுப் புத்தகத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஆரம்பித்தார்கள்.

அந்தப் பதிகம் வந்ததும் நான் அந்தப் பாட்டின்மேல் விரலை வைத்துக்கொண்டேன். கடைசிக்கு முந்தின பாட்டு. நேரெழுத்து. ஒரு தடவை சேவித்து முடித்தார்கள். மூச்சு வாங்க ஒரு சின்ன இடைவெளி. யாராவது கடைசிப் பாட்டை எடுக்க வேண்டியதுதான். யாரும் எடுக்கவில்லை. பார்த்தால், ஜெயா மாமி புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்துக் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார். முதலில் எழுந்தது அவர் குரல்தான். அதே பாட்டு, முதல் அடியிலிருந்து.

எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். ஒருத்தர்கூடப் புத்தகத்தைப் பார்க்கவில்லை. எனக்குப் பக்கத்திலிருந்து ஒரு கரகரத்த குரல் வந்தது. திரும்பிப் பார்த்தேன். உன் அண்ணா, குமுதா! அந்த மனுஷனுக்கு அந்தப் பாட்டு தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். நீ அடுக்களையில் முணுமுணுத்ததைக் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டே இத்தனை வருஷமும் கேட்டிருக்கிறார்.

முடிந்த பிறகு மாமியைக் கேட்டேன். "நிமிர்த்தச் சொன்னது நீங்கதானே மாமி?"

"புஸ்தகத்துல தப்பு இருக்கப்படாதுன்னேன். வாய்ல வந்துடுத்து, நான் என்ன பண்ணட்டும்?" என்று சொல்லிவிட்டு, சுண்டல் கொடுக்க எழுந்து போய்விட்டார்.

திரும்பி வந்து வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது உன் அண்ணா, "நீ பண்ணினது சரிதான்" என்றார். எனக்கு அது போதும். உனக்குப் போதுமா? தப்பு என்று நீ தலையில் அடித்துக்கொள்வாயா, இல்லை அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு சிரிப்பாயா? எதுவானாலும் என்னிடம் சொல்லியிருக்கலாம் நீ.

ஒரு வாக்குக் கொடுக்கிறேன். புத்தகம் கேட்டு மறுபடியும் வருவார்கள். அப்போதும் அந்தக் கூடத்தில் அந்தப் பாட்டை இரண்டு தடவை சேவித்துக்கொண்டிருந்தால், ஜெயா மாமி தலையசைத்தால், நானே உன் நாற்காலியில் உட்கார்ந்து அதை மறுபடியும் 'ரெண்டு' ஆக்குகிறேன். அடியில் "இந்தக் கூடத்தார் வழக்கம்" என்று சின்னதாக ஒரு குறிப்பும் போடுவேன், ஸ்வாமி வந்தால் பதில் சொல்ல வேண்டுமே. பட்டனை அமுக்கிச் சாய்க்க மாட்டேன், பயப்படாதே. அந்த ஒரு வரி இடத்தை அதற்காகத்தான் காலியாக விட்டு வைத்திருக்கிறேன்.

உன் அண்ணாவைக் கட்டிக்கொண்டு வந்து உன் கூட்டாளியாகிப்போன,
உன் மன்னி
மைதிலி